வெப்சைட் இருக்கிறது, விசாரணை வரவில்லை: அறிகுறி பார்த்து விற்பனை எழுத்தைச் சரிசெய்யும் முறை

சென்னையில் சிறு தொழில் செய்பவர்களுக்கு இணையதளம் எழுதிக் கொடுப்பதும், ஏற்கெனவே எழுதியதைப் பழுது பார்ப்பதும் என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்காரர் முதல் வேளச்சேரி பல் டாக்டர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெப்சைட் இருக்கு, ஒண்ணும் வரல." உடனே அடுத்த வரி, "இன்னும் கொஞ்சம் கவர்ச்சியா எழுதிக் கொடுங்க." திறந்து பார்த்தால் கவர்ச்சிக்குக் குறைவே இருக்காது. வாங்க வந்தவர் மனதில் இருக்கும் கேள்விக்குத்தான் அங்கே பதில் இருக்காது.

எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்பதை அறிகுறியே காட்டிக் கொடுத்துவிடும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் நாலு இடத்தைத் தொட்டால் எது வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒன்று, கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். மக்கள் என்ன தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கை 16 மாதம் வரை பின்னோக்கிக் காட்டும்.

இரண்டாவது, ஒரு சாதாரண நோட்டு. அதை போன் பக்கத்தில் வையுங்கள். அழைப்பவர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்கு. பல ஆபீஸ்களில் போன் எடுக்கும் அக்காவுக்குத்தான் வாடிக்கையாளரை முதலாளியைவிட நன்றாகத் தெரியும். அப்படியே வியாபார வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்களையும் மேலே தள்ளிப் படியுங்கள். இனி வரும் எல்லாச் சோதனைக்கும் இந்த நோட்டு வேண்டும். ஆகவே இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அறிகுறி 1: ஆட்கள் வருகிறார்கள், போனும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை

*பட்டன் வேலை செய்கிறதா?*

எழுத்தைத் தொடும் முன் இதைப் பாருங்கள். உங்கள் போனிலேயே பார்க்காமல், வீட்டில் இன்னொருவர் போனை வாங்கித் தளத்தைத் திறந்து, போன் எண்ணைத் தொடுங்கள். டயல் திரை வர வேண்டும். எண்ணைப் படமாகப் போட்டிருந்தால் வராது. வாட்ஸ்அப் பட்டனைத் தொடுங்கள். இணைப்பில் எண்ணுக்கு முன்னால் 91 மட்டும் இருக்க வேண்டும். பிளஸ் குறி, பூஜ்யம், இடையில் கோடு எதுவும் கூடாது. அப்புறம் விசாரணைப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்புங்கள். அது எந்த மெயிலுக்குப் போகிறது, அந்த மெயிலை யார் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்கு விசாரணைகள் போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பது சகஜம்.

*முதல் திரையில் என்ன இருக்கிறது?*

மொபைலில் விரலை நகர்த்தாமல் தெரியும் பகுதியை மட்டும் பாருங்கள். என்ன வேலை, எந்த ஏரியா, அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அங்கேயே இருக்க வேண்டும். நான் அதிகம் சரிசெய்தது இந்த இடத்தைத்தான், அதனால் ஒரு மாதிரியை முழுதாகவே காட்டுகிறேன். மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்யும் ஒரு நிறுவனம் என்று வையுங்கள். வழக்கமாக இப்படி இருக்கும்:

"நீர்க்கசிவுத் தடுப்புத் துறையில் பல ஆண்டு அனுபவம் வாய்ந்த எங்கள் நிறுவனம், அதிநவீனத் தொழில்நுட்பத்தின் துணையோடு உலகத்தரமான சேவையை வழங்குவதில் பெருமிதம் கொள்கிறது."

இதில் உங்கள் போட்டியாளர் பெயரைப் போட்டுப் படியுங்கள். அவருக்கும் பொருந்துகிறது என்றால் அந்த வரி உங்களுக்காக எந்த வேலையும் செய்யவில்லை. சரி, போன் நோட்டைத் திறப்போம். அதில் இருப்பவை இவை: "மேல டைல்ஸ் போட்டிருக்கு சார், உடைக்கணுமா?" "பெட்ரூம் சீலிங்ல மட்டும்தான் ஈரம் வருது, மாடி முழுக்கப் பண்ணணுமா?" "மடிப்பாக்கம் வருவீங்களா?" இந்தக் கேள்விகளுக்கு முதலாளி போனில் சொல்லும் பதிலையே எழுத்தாக்கினால் போதும்:

"மழை பெய்தால் சீலிங்கில் ஈரம் படர்கிறதா? நேரில் வந்து பார்த்து, கசிவு எங்கிருந்து இறங்குகிறது என்று எழுதித் தருகிறோம். பார்க்க வருவதற்குக் கட்டணம் இல்லை. டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம். ஓர் இடத்தில் மட்டும் கசிந்தால் அந்த இடத்தை மட்டும் செய்கிறோம். கிண்டி முதல் தாம்பரம் வரை, மடிப்பாக்கம், மேடவாக்கம் உட்பட."

அலங்காரமாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒழுகும் வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் தன்னிடம் பேசுவதாக இருக்கும். கூடவே வாட்ஸ்அப் பட்டனில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்கலாம். தொட்டதும் "வணக்கம், எங்கள் மாடி ஒழுகுகிறது. என் ஏரியா:" என்று திறந்துகொள்ளட்டும். என்ன எழுதுவது என்று தயங்கி மூடிவிடுபவர்கள் நிறையப் பேர்.

எழுதும் வாக்குறுதி எதுவானாலும் கடையில் உண்மையாக நடப்பதாக இருக்க வேண்டும். எழுதித் தரும் பழக்கம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

*பக்கம் திறக்கிறதா?*

பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தள முகவரியைப் போட்டுப் பாருங்கள். திரையின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. முகப்பில் நாலைந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடும் தளங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். ஓடும் படங்களை எடுத்துவிட்டு ஒரே படம் வையுங்கள். எழுத்தும் நின்று பேசும்.

*வருகிறவர்கள் வாங்குபவர்களா?*

சர்ச் கன்சோலில் அவர்கள் தேடியதைப் பாருங்கள். "ஏசி எப்படி வேலை செய்கிறது" என்று தேடி வருபவர் பெரும்பாலும் மாணவர். அந்தக் கட்டுரையால் எண்ணிக்கை ஏறும், விசாரணை ஏறாது. விற்பனைப் பக்கத்துக்கு மட்டும் தனியாகக் கணக்குப் பாருங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* பட்டன், படிவம், வேகம் மூன்றும் தளம் செய்து கொடுத்தவர் வேலை. எழுத்தாளரிடம் போகாதீர்கள். மூன்றும் சரி, முதல் திரையையும் மாற்றியாயிற்று, ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போன்ற இலவசக் கருவியை இணைக்கச் சொல்லுங்கள். படிப்பவர்கள் எந்த இடத்தில் நின்று திரும்புகிறார்கள் என்று அது காட்டும். அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அடுத்துத் தேட வேண்டும்.

அறிகுறி 2: "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்

*விலையே போடவில்லையா?* "விலைக்கு அழைக்கவும்" என்று எழுதினால் விலை கேட்க மட்டும்தான் அழைப்பார்கள். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம் பலருக்கு உண்டு. அவர் வாடிக்கையாளர் போல ஒரு போன் போட்டு ஏற்கெனவே தெரிந்துகொண்டிருப்பார். துல்லியமாகச் சொல்ல முடியாத வேலை என்றால் கீழெல்லை, மேலெல்லை போடுங்கள், எதைப் பொறுத்துக் கூடும் என்பதையும் சேர்த்து.

*விலை இருக்கிறது, ஆனால் எதற்கு என்று இல்லையா?* ஏசி சர்வீஸ் பக்கங்களில் இது நிறைய. ஒரே ஒரு தொகை பெரிதாக நிற்கும். படிப்பவருக்கு வரும் சந்தேகங்கள்: ஸ்ப்ளிட்டா, விண்டோவா? அவுட்டோர் யூனிட்டையும் கழுவுவார்களா? காஸ் சேர்த்தா, தனியா? மூன்றாவது மாடிச் சுவரில் வெளியே தொங்கும் யூனிட்டுக்குக் கூடுதல் கேட்பார்களா? தொகைக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இதில் சேர்ந்தவை இவை, சேராதவை இவை. "சேராதவை" என்ற அந்த வரியை எழுதத்தான் பலருக்குக் கை வராது. ஆனால் நம்பிக்கை அந்த வரியில்தான் பிறக்கிறது.

*"இலவசம்" என்று போட்டிருக்கிறீர்களா?* தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த மத்திய வழிகாட்டு விதிகள் இலவசம் என்ற சொல்லுக்குத் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பார்க்க வருவது இலவசம் என்று எழுதிவிட்டு வந்த பிறகு பெட்ரோல் காசு கேட்டால், அந்தச் சொல் பக்கத்தில் இருக்கக் கூடாது. "பார்க்க வர இவ்வளவு, வேலை கொடுத்தால் கழித்துக்கொள்வோம்" என்று நேராக எழுதினால் யாரும் கோபப்படுவதில்லை.

*விலையே அதிகமா?* எல்லாம் தெளிவாக இருந்தும் வைத்துவிடுகிறார்கள் என்றால், ஏன் அந்த விலை என்று சொல்லியிருக்கிறீர்களா பாருங்கள். என்ன பொருள், எத்தனை பூச்சு, எவ்வளவு காலம் வாரன்டி, பிரச்சினை வந்தால் யார் வருவார்கள். அதையும் சொல்லியாயிற்று என்றால் இது எழுத்தின் கோளாறு இல்லை. கணக்கு பார்ப்பவருடன் உட்கார்ந்து விலையைப் பேசுங்கள். எந்த எழுத்தாளருக்கும் இதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 3: கூகுளில் தெரிகிறது, கிளிக் விழவில்லை

தேடல் முடிவில் தெரியும் தலைப்பையும் அதன் கீழ்வரியையும் பாருங்கள். "முகப்பு" என்றோ வெறும் கம்பெனி பெயரோ தலைப்பாக இருந்தால் அதுதான் காரணம். வேலை, ஏரியா இரண்டும் தலைப்பின் தொடக்கத்தில் வரட்டும். பெயர் கடைசியில் போதும், நீளமானால் கடைசிதான் வெட்டுப்படும். கீழ்வரியை கூகுள் சில நேரம் தானே மாற்றிக்கொள்ளும், அதைத் தடுக்க முடியாது. பக்கத்துக்குள் முதல் பத்தி நன்றாக இருந்தால் அதிலிருந்து எடுத்தாலும் பாதகமில்லை.

அறிகுறி 4: வேண்டாத ஆட்கள் அழைக்கிறார்கள்

சௌகார்பேட்டை மொத்த வியாபாரிக்கு ஒரே ஒரு பீஸ் கேட்டு போன். தாம்பரத்தில் வேலை செய்பவருக்குத் திருவொற்றியூரிலிருந்து போன். குறைந்தபட்ச ஆர்டர், செல்லும் ஏரியா, எடுக்காத வேலை மூன்றையும் பட்டனுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். அழைப்பு குறையும். குறைவது வீண் அழைப்புதான், பயப்பட வேண்டாம். சில்லறையும் கொடுப்பவர் என்றால் இரண்டு வகை வாடிக்கையாளருக்கும் இரண்டு பக்கம் வேண்டும். ஒரே பக்கத்தில் இருவரிடமும் பேசினால் இருவருமே தனக்கில்லை என்று போய்விடுவார்கள்.

அறிகுறி 5: எல்லாம் விசாரிக்கிறார்கள், முன்பணம் கொடுக்கத் தயங்குகிறார்கள்

"உங்க ஆபீஸ் எங்க இருக்கு, நேர்ல வரலாமா?" என்ற கேள்வி நோட்டில் அடிக்கடி வந்தால் இதுதான் அறிகுறி.

*முகவரி முழுதாக இருக்கிறதா?* வெறும் "சென்னை" போதாது. தெரு, பின்கோடு, கூகுள் மேப்பில் இருக்கும் அதே பெயர், 15 இலக்க ஜிஎஸ்டி எண். தளத்தில் ஒரு பெயர், மேப்பில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்று இருந்தால் சந்தேகம் வருவது நியாயம்தான்.

*படங்கள் யாருடையவை?* ஹெல்மெட் போட்ட வெளிநாட்டு இன்ஜினியர் கைகுலுக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆட்கள் பெருங்குடியில் ஒரு மாடியில் வேலை செய்யும்போது போனில் எடுத்த படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்; கீழே ஏரியா, மாதம், என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று இரண்டு வரி.

*நிரூபிக்க முடியாத வரிகள் இருக்கின்றனவா?* "சென்னையின் நம்பர் 1", "100 சதவீத உத்தரவாதம்". இவற்றைத் தேடி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: யாராவது ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? காட்ட ஒன்றும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "இன்னும் 2 மணி நேரம்தான்" என்று தினமும் பூஜ்யத்துக்கு வந்து மறுபடி தொடங்கும் கடிகாரமும் 2023 நவம்பரில் வந்த விதிகளில் பொய்யான அவசரம் என்ற பெயரில் சேர்ந்துவிட்டது. விதியை விடுங்கள், மறுநாளும் அதே கடிகாரத்தைப் பார்த்தவர் உங்கள் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். இப்படிப்பட்ட வரிகளை எழுதித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். வாங்குபவரைப் பதற வைத்து வாங்கிய முன்பணம் சண்டையில்தான் முடியும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* மூன்று துறைகளில் எழுத்தை வெளியிடும் முன்பே வக்கீலிடம் காட்டுங்கள். சித்தா, மூலிகை, மருத்துவம்: சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மனை, ஃப்ளாட்: பதிவு தேவைப்படும் திட்டம் என்றால் விளம்பரத்தில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வர வேண்டும். "சிஎம்டிஏ அப்ரூவ்டு" என்று மட்டும் போட்டு எண்ணை விட்டுவிடும் பக்கங்களை நான் நிறையப் பார்க்கிறேன். விவரம் தெரிந்தவர் முதலில் எண்ணைத்தான் தேடுவார். மூன்றாவது, முதலீடு, வட்டி, சீட்டு பற்றிய எதுவும்.

அறிகுறி 6: தமிழ்ப் பக்கம் இருக்கிறது, யாரும் நிற்பதில்லை

*எழுத்துரு.* நோட்டீஸ் அடித்த அச்சகம் கொடுத்த பழைய கோப்பிலிருந்து ஒட்டினால் சில பேர் திரையில் புரியாத குறிகள் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதை, எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி படிக்க வரும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மாற்றிய பிறகு எண்களையும் மேற்கோள் குறிகளையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

*வடிவம்.* ஆங்கிலத்துக்குச் செய்த டிசைனில் வரி உயரம் குறைவாக இருக்கும். தமிழில் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். தலைப்பு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

*மொழிபெயர்ப்பு.* பக்கத்தைப் போன் எடுக்கும் அக்காவிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திக்கும் இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம். "எங்கள் நிபுணர்களால் உங்கள் தேவைகள் பூர்த்தி செய்யப்படும்" என்ற வரியில் கண்டிப்பாகத் திக்குவார். "என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், நாளைக்கே வந்து பார்க்கிறோம்" என்றால் ஒரே மூச்சில் படித்துவிடுவார். பட்டனில் "சமர்ப்பி" என்று இருப்பதை "விலை கேளுங்கள்" என்று மாற்றுங்கள். பொருளின் பெயரை மக்கள் தேடுகிற வடிவிலேயே வையுங்கள், அது எது என்பதை சர்ச் கன்சோல் சொல்லும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* திக்கிய இடம் நாலைந்து என்றால் நீங்களே திருத்தலாம். வரிக்கு வரி திக்கினால் திருத்திப் பயனில்லை. தமிழில் யோசித்து எழுதுபவரிடம் முதலிலிருந்து கொடுங்கள், ஆங்கிலப் பக்கத்தை அவரிடம் காட்டாமல்.

அறிகுறி 7: போன வருஷம் நன்றாக ஓடிய பக்கம் இப்போது ஓடவில்லை

முதலில் தேதி பாருங்கள். தை மாதத்தில் ஆடித் தள்ளுபடி பேனர் நிற்கிறதா, பழைய விலை இருக்கிறதா, வேலையை விட்டுப்போனவர் எண் இருக்கிறதா. பிறகு சர்ச் கன்சோலில் போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். கத்திரி வெயில் முடிந்ததும் ஏசி சர்வீஸ் விசாரணை குறைவது இயற்கை.

பருவத்தைச் சார்ந்த தொழில் என்றால் ஒரே எழுத்து வருஷம் முழுக்க ஓடாது. மாடி ஒழுகலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை போகும். மாடித் தளம் காய்ந்திருந்தால்தான் பூச்சு சரியாகப் பிடிக்கும். ஆகவே ஜூலையில் "மழைக்கு முன் முடித்துவிடலாம்" என்பது சரியான வரி. அதே வரி நவம்பரில் நின்றால், வாளி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது எரிச்சல். அப்போது எழுத வேண்டியது: "இப்போதைக்கு ஒழுகலைத் தற்காலிகமாக நிறுத்தித் தருகிறோம். முழு வேலை மழை ஓய்ந்து தளம் காய்ந்த பிறகு." வருஷத்துக்கு மூன்று முறை முதல் திரையை மாற்ற ஒரு நாள் குறித்து வைத்தால் போதும்.

அதுவும் சரியாக இருக்கிறது, போன வருஷ இதே மாதத்தைவிடத் தேடலில் தெரிவதே பாதியாகிவிட்டது என்றால் எழுத்தை மாற்றுவதில் பயனில்லை. தேடல் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எழுத்தாளரிடம் கொடுக்கும்போது

போன் நோட்டு, வாட்ஸ்அப் கேள்விகள், சர்ச் கன்சோல் அனுமதி, விலைப்பட்டியல், எடுக்காத வேலைகளின் பட்டியல். இவை ஐந்தையும் கொடுங்கள். இவை எதையும் கேட்காமல் "பேக்கேஜ்" விலை சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். முழுத் தளத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், அதிகம் பேர் வரும் ஒரு விற்பனைப் பக்கத்தை மட்டும் எழுதி வாங்கி ஒரு மாதம் ஓட விடுங்கள். பழைய எழுத்தை அழிக்காமல் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள், திரும்பப் போட வேண்டி வரலாம். டொமைன் (தள முகவரி), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். எழுதுபவருக்கும் தளம் செய்பவருக்கும் தனி அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.